தோட்ட வாரியமும் வசந்தாவின் புடலம் பந்தலும்

1

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்துக் கதவில் மஞ்சள் காகிதம் ஒன்று தொங்கியது. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் கம்பி கட்டி, அழகாக மாட்டியிருந்தார்கள். இந்த நாட்டில் உங்கள் மானத்தை வாங்குவதாக இருந்தாலும் நேர்த்தியாகத்தான் வாங்குவார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே ஜெர்மனியில் எங்களுக்கு வீடு ஒரு இடத்தில், தோட்டம் வேறு இடத்தில். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடியில். தோட்டம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் போகிற தூரம். நகராட்சி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு சங்கம் வைத்து, குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு துண்டு கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்ததும் கையில் ஒரு விதிப் புத்தகம் தருவார்கள். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். வேலி இடுப்புக்கு மேல் போகக் கூடாது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தமே கூடாது. அந்த நேரத்தில் மண்வெட்டி கல்லில் பட்டு ணங்கென்றால், பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு தலையாக நிமிரும்.

என் மனைவி வசந்தா காவாந்தண்டலத்துக்காரி. நெல்லும் கத்திரியும் போடுகிற குடும்பம். பயிர் விஷயத்தில் அவள் வளர்ந்த ஊரில் இருந்த ஒரே சட்டம் 'மாட்டப் புடிச்சிக் கட்டு' என்பதுதான். அந்த விதிப் புத்தகத்தை அவள் பூச்சட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள், சட்டி ஆடாமல் இருக்க.

"இன்னாவாம்?" என்றாள், நான் மஞ்சள் காகிதத்தைப் படித்து முடிப்பதற்குள்.

சொன்னேன். கொடிப் பந்தல் இரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம்முடையது இரண்டரை. பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி மேல் நிழல் விழுவதாகப் புகார். செப்டம்பர் ஆய்வுக்குள் சரிசெய்யாவிட்டால் குத்தகையை ரத்து செய்வது பற்றி யோசிப்பார்கள். கடைசியில் தனியாக ஒரு வரி: பந்தலில் கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் கற்கள் எதற்காக என்று எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

புடலங்காய் வளைந்து சுருளாமல் நேராக இறங்குவதற்கு நுனியில் கல் கட்டுவது நமக்குத் தெரியும். இவர்களுக்கு எப்படித் தெரியும்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால், பச்சைப் பாம்புகளைத் தலைகீழாகக் கட்டி, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கல்லை மாட்டி, யாரோ தண்டனை கொடுத்ததைப் போல இருக்கும்.

புகார் கொடுத்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெக்கர் என்பதில் சந்தேகமே இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர், தக்காளியைத் தவிர வேறு சொந்தபந்தம் இல்லாதவர்.

"அந்த ஆளு கண்ணுதாங்க. டெய்லி வந்து நின்னுக்கினு பாப்பான். அப்பவே நெனச்சேன்" என்றாள் வசந்தா. அப்புறம் பந்தலை அண்ணாந்து பார்த்தாள். நடுவில், மற்ற காய்களைவிட நீளமாக, அவள் பறிக்காமல் விட்டிருந்த ஒரே ஒரு காய் தொங்கியது. விதைக்காய். அது பழுத்தால்தான் அடுத்த வருஷம் புடலை.

"பந்தல பிரிச்சா கொடி அறுந்துடும். இத மட்டும் வுட்டுடச் சொல்லுங்க. பயுக்கட்டும். அப்பறம் பந்தலயே கொளுத்திக்கட்டும்."

2

அந்த விதை வந்த கதை தனி.

போன ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். வெளிநாட்டு விதையை இஷ்டத்துக்கு இங்கே கொண்டுவர முடியாது, நோயில்லை என்று சான்றிதழ் வேண்டும். வசந்தாவின் தம்பி ஏழுமலை ஒரு கைப்பிடிப் புடலை விதைக்காக எத்தனை ஆபீஸ் படி ஏறினான் என்று கேட்காதீர்கள். ஒரு ஆபீஸில் எவ்வளவு டன் ஏற்றுமதி என்று கேட்டார்களாம். சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டியிருக்கிறான். அந்த அதிகாரி பொட்டலத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். கடைசியில் வேறு ஒரு ஆபீஸில் எப்படியோ காகிதம் கிடைத்தது. "யக்கா, இன்னொரு வாட்டி வெத கெதன்னு கேட்டு வந்துடாத, பேஜாராயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தப் பயணத்தில்தான் மகள் இனியாவை உத்திரமேரூர்க் கல்வெட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் ஜெர்மனில் வரும். நம் ஊர்ப் பெருமையை ஒரே நாளில் அவளுக்கு ஊட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. குடவோலை, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கல், சோழன் காலத்திலேயே தேர்தல் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கழுத்தை வளைத்து அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தல் பெருமையை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: தோட்ட வாரியம். ஆண்டு வாரியம், ஏரி வாரியம் என்பதோடு, தோட்டங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பன்னிரண்டு பேர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் தோட்டத்துக்கு ஒரு மந்திரிசபை இருந்திருக்கிறது. அதில் சேரக் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாமல் விட்டவன் கூடாது, அவனுடைய சித்தப்பன், மாமன், மச்சானும் கூடாது. கழுதை ஏறினவன் கூடவே கூடாது. குற்றம் செய்தவனைக் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடுகிற தண்டனை அது.

யாரைச் சேர்க்கக் கூடாது என்று இவ்வளவு எழுதினவர்கள், சேர்ந்தவன் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை, நான் தேடிய வரையில், அந்தச் சுவரில் எழுதவில்லை. நானாகக் கற்பனை செய்துகொள்வேன். பன்னிரண்டு பேரும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். "ஓய், உம்ம வாழை பக்கத்து மனையில் சாய்கிறது." "உம்ம பூசணிக் கொடி கோயில் நந்தவனத்துக்குள் போய்விட்டது." சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "ஊர்த் தோட்டத்தைப் பார்க்கிறீரே, நம் வீட்டு முருங்கை கம்பளிப்பூச்சி பிடித்துக் கிடக்கிறதே" என்று வீட்டம்மாள் பிடித்திருப்பாள். சரித்திரத்தில் இடம்பெற்றவனுக்கும் வீட்டில் இதுதான் மரியாதை.

வசந்தா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கூடாது கூடாதுன்னு இவ்ளோ கீது. தோட்டத்துல மம்முட்டி புடிச்சவன் பேரு ஒண்ணாச்சும் கீதா?"

இல்லை. என் முப்பாட்டனும் அவள் முப்பாட்டனும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் தோட்டத்தில்தான் இருந்திருப்பார்கள். குடத்தில் இருந்திருக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் பெருமை பேசுவதை என்னால் நிறுத்த முடிவதில்லை. இனியா இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு, இளநீர் கடை எங்கே என்று கேட்டாள்.

கொண்டுவந்த விதையை ஏப்ரலில் வசந்தா சமையலறை ஜன்னலில் முளைக்கப் போட்டாள். பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததில் ஒன்றே ஒன்றுதான் மே மாதக் குளிரைத் தாண்டியது. அந்த ஒற்றைக் கொடிதான் பந்தல் முழுக்கப் படர்ந்து, மாலையில் வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்த பூவாகப் பூத்தது. முதல் பூவைப் பார்த்த அன்று வசந்தா நான் கேட்காமலே வடை சுட்டாள்.

3

ஆகஸ்ட் கடைசியில் சங்கக் கூட்டம். நான் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வாதாடப் போனேன். குத்தகை வசந்தா பெயரில் இருப்பதால் அவளும் வந்தாள். வீட்டில் தனியாக இருக்கட்டும் என்று விட முடியாமல் இனியாவையும் இழுத்துப் போனோம். அவள் மூலையில் உட்கார்ந்து செல்போனில் மூழ்கினாள்.

ஜெர்மன் மொழியில் எனக்கு ஒரு வியாதி. இத்தனை வருஷம் ஆகியும், கோபம் வந்தால் வினைச்சொல் முதலில் வந்து விழும். அப்படி விழுந்தால் வாக்கியம் கேள்வியாகிவிடும். "என் மனைவி பந்தலைப் பிரிக்க மாட்டாள்" என்று முழங்க எழுந்தவன், "என் மனைவி பந்தலைப் பிரிக்க மாட்டாளா?" என்று கேட்டு நின்றேன். சங்கத் தலைவி ஃபிராவ் ஹோல்ட்ஸ் (ஃபிராவ் என்றால் திருமதி), மூக்குக்கண்ணாடி போட்ட நல்ல பெண்மணி, "மாட்டாரா?" என்று பரிவோடு என்னையே திருப்பிக் கேட்டார்.

விட்டேனா? பாரி கதையை எடுத்தேன். எங்கள் நாட்டில் ஒரு மன்னன், கொழுகொம்பு இல்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே கொடுத்தான், அப்படிப்பட்ட பரம்பரை நாங்கள், அரை மீட்டருக்கு வந்து நிற்கிறீர்களே என்றேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. ஃபிராவ் ஹோல்ட்ஸ் பேனாவைத் திறந்து, "அந்தத் தேர் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்படியானால் அவருக்கும் நோட்டீஸ்தான்" என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். வசந்தா என்னைப் பார்த்த பார்வையில் தமிழ் மட்டுமே இருந்தது.

அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து உயரம் அகலம் அளக்கும் பொறுப்பாளர் பதவி காலி. முன்னால் இருந்தவர் முட்டிவலி என்று விலகிவிட்டார். யார் வருகிறீர்கள் என்று கேட்டதும், அத்தனை பேரும் பீர் குவளைக்குள் எதையோ தொலைத்ததைப் போலக் குனிந்துகொண்டார்கள். அளவெடுக்கப் போனால் ஆயுசுக்கும் பகை. 

எனக்கு மௌனம் ஆகாது. மறுபடி எழுந்தேன். எங்கள் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். தோட்ட வாரியம், ஓலை, குடம், எல்லாம் சொன்னேன். கம்பீரமாக இருக்கட்டும் என்று, பெயர் வந்தவன் மறுக்கக் கூடாது என்று ஒரு விதியை நானாகச் சேர்த்தும் விட்டேன். அது கல்வெட்டில் இருப்பதாக எனக்கு நினைவில்லை.

அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நிமிஷத்தில், வந்திருந்த எல்லோர் பெயரிலும் துண்டுச் சீட்டுகள் தயாராகிவிட்டன. குடம் இல்லாததால் ஒரு பூவாளி. எடுப்பவர் உள்விவகாரம் எதுவும் அறியாதவராக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதும், எல்லோரும் ஒருமித்து மூலையில் இருந்த இனியாவைக் காட்டினார்கள். அவள் ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு வந்து, கையை விட்டு, ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள்.

"அப்பா," என்றாள், தமிழில்.

கை தட்டினார்கள். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். சின்ன வயதில் ஊரில் சலவைக்காரர் கழுதை மேல் ஏறியிருக்கிறேன், எங்கள் கல்வெட்டுப்படி கழுதை ஏறினவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்றேன். ஃபிராவ் ஹோல்ட்ஸ் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எங்கள் விதியில் கழுதை பற்றி எதுவும் இல்லை, வாழ்த்துகள் என்று அளவு நாடாவைக் கையில் கொடுத்தார்.

 வீட்டு வாசலில் சைக்கிளைப் பூட்டும்போதுதான் வசந்தா வாயைத் திறந்தாள். சாதாரணமாக என்னை 'நீங்க' என்பவள். கோபம் வந்தால் 'ங்க' கீழே விழுந்துவிடும்.

"வாய்க் கொழுப்பு சீலையில வடியுதுன்னுவாங்க. உனுக்கு பேன்ட்ல வடியுது. இப்ப யாரு வந்து எம் பந்தல அளப்பா? நீயே வருவியா, டேப்ப எடுத்துக்கினு?"

நான்தான். நிலுவையில் இருந்த ஒரே நோட்டீஸ் எங்களுடையது.

4

இரண்டு நாள் வீட்டில் தயிர் சாதம். மூன்றாம் நாள் ஏழுமலைக்குப் போன் செய்தேன். அவனுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. அக்காள் எனக்கு முன்பே முறையிட்டிருக்கிறாள்.

"இன்னா மாமா, நீயே கொள்ளிக்கட்டைய எடுத்து உன் தலையிலியே சொறிஞ்சிக்கினியா?" என்று சிரித்தான். கழுதை விஷயத்தையும் ஜெர்மன்காரர்களிடம் சொன்னேன் என்றதும் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு விவசாயியாகக் கேட்டான்: பந்தல் எத்தனை கால், காய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?

முழங்கால் உயரத்தில் ஆடுகிறது என்றேன்.

"அப்போ எதுக்குப் பிரிக்கறே? காலுங்களச் சுத்தி நோண்டி, பந்தலோட அப்டியே அரை மீட்டரு எறக்கு. காயி தரையில இடிச்சா, கீய பள்ளம் எடு. இங்க நீட்டுப் புடலைக்கு நாங்க அப்டிதான பண்ணிக்கினு கீறோம். ஒசரத்துக்குத்தான சட்டம்? பள்ளத்துக்கு ஒண்ணும் இல்லியே?"

விதிப் புத்தகத்தைப் பூச்சட்டிக்கு அடியிலிருந்து உருவிப் பார்த்தேன். கிணறு வெட்டக் கூடாது, குளம் வெட்டினால் அளவு உண்டு, கொட்டகைக்கு அடித்தளம் கூடாது. காய்க்குப் பள்ளம் பற்றி மூச்சே இல்லை.

சனிக்கிழமை மூன்று மணி அடித்ததும் வேலையை ஆரம்பித்தோம். நானும் இனியாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொள்ள, வசந்தா குழியை ஆழமாக்கி ஆழமாக்கி, ஒவ்வொரு காலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். இனியாவின் தலையில் ஒரு புடலங்காய் கல்லோடு மோதியது. வலிக்கவில்லை என்று தமிழில்தான் சொன்னாள். கொடி ஒரு இடத்தில்கூட அறவில்லை. பிறகு ஒவ்வொரு காய்க்குக் கீழேயும் ஒரு பள்ளம். விதைக்காய்க்கு மட்டும் நீளமாக, அகலமாக, வசந்தா தானே வெட்டினாள். பெக்கர் வேலி ஓரம் நின்று, இத்தனை குழிகள் யாருக்கு என்று முகத்தில் கேள்வியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வைக்காகத்தான் வசந்தா அன்று சாயங்காலம் ஒரு பழைய செருப்பைக் கொண்டுவந்து பந்தல் காலில் கட்டினாள். திருஷ்டிக்கு. ஒற்றைச் செருப்பு, வார் அறுந்தது.

மறுநாள் செருப்பு இல்லை. பார்த்தால், சங்கத்துக் கொட்டகையில், தொலைந்த பொருட்கள் மாட்டும் ஆணியில் தொங்குகிறது. வசந்தா எடுத்து வந்து மறுபடி கட்டினாள். அடுத்த நாள் மறுபடி ஆணியில். மூன்றாம் முறை அவள் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். இந்த முறை செருப்பு பந்தலிலேயே இருந்தது. அதற்குக் கீழே ஒரு பை இருந்தது. பைக்குள் அதே அளவில் புத்தம் புதுத் தோட்டச் செருப்பு, ஜோடியாக. பெக்கர் வைத்த சீட்டை இனியா படித்துச் சொன்னாள்: மற்ற செருப்பை எல்லா இடத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.

வசந்தா புதுச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தாள். "பெரியவரு இன்னாங்க இப்டி கீறாரு," என்றாள். அந்த ஆளு பெரியவர் ஆனதை நான் கவனித்தேன்.

5

சொந்த மனைவியின் தோட்டத்தை நான் மட்டும் அளந்தால் நன்றாக இருக்காது, எங்கள் கல்வெட்டிலேயே சொந்தபந்தம் விஷயத்தில் கறார் என்று ஃபிராவ் ஹோல்ட்ஸிடம் சொன்னேன். அப்படியானால் புகார் கொடுத்தவரே கூட வரட்டும் என்றார். செப்டம்பர் ஆய்வன்று நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைப் பெக்கர் பிடித்தார். இரண்டு மீட்டருக்கு நூல் குறைவு. அவர் தன் தக்காளியைத் திரும்பிப் பார்த்தார். வெயில் விழுந்திருந்தது. தலையை ஆட்டினார்.

அன்று எல்லாத் தோட்டத்தையும் நாங்கள் இருவருமாகச் சுற்றினோம். எங்கே போனாலும், பார்த்த ஒரு நிமிஷத்தில் முகங்கள் மாறின. இது போன வருஷமும் இப்படித்தான் இருந்தது, அவனுடையதை அளந்தாயா, எனக்கு மட்டுமா என்று ஒரே பாட்டு. சாயங்காலத்துக்குள் எனக்குப் புதிதாக ஆறேழு பகையாளிகள். அப்போதுதான் அந்தக் கல்வெட்டில் இருந்த ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. தோட்ட வாரியம் பார்த்து முடித்தவர்களிலிருந்துதான் படித்தவர்களாக, மூத்தவர்களாகப் பார்த்து ஆண்டு வாரியத்துக்கு எடுத்தார்கள். ஏன் எடுக்க மாட்டார்கள்? அடுத்தவன் தோட்டத்து வேலியை அளந்துவிட்டு ஊரில் தலைகாட்ட முடிந்தவன் எந்த ராஜ்ஜியத்தையும் ஆளுவான்.

வழியில் பெக்கர் தன் பங்குக்கு ஒரு ராஜா கதை சொன்னார். அந்தக் காலத்துப் பிரஷ்ய ராஜா ஒருவர் உருளைக்கிழங்கு போடச் சொன்னாராம், குடியானவர்கள் மாட்டேன் என்றார்களாம். ராஜா ஒரு கிழங்குத் தோட்டம் போட்டுச் சுற்றிச் சிப்பாய்களைக் காவல் வைத்தாராம். இவ்வளவு காவல் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கிழங்கைத் திருடிக்கொண்டு போய் அவரவர் நட்டார்களாம். நிஜமோ கட்டுக்கதையோ, இன்றைக்கும் அந்த ராஜாவின் சமாதி மேல் ஜனங்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். "சமாதி மேல பச்சக் கெயங்கா? அவிச்சாவது வெக்கக் கூடாதா," என்று வருத்தப்பட்டாள்.

ஆனால் அந்த ராஜாவைப் போல அவளும் காவல்தான் வைத்துக்கொண்டிருந்தாள். மற்ற காய்களையெல்லாம் பறித்துக் கூட்டு, பொரியல் என்று முடித்துவிட்டாள், ஃபிராவ் ஹோல்ட்ஸுக்கும் ஒன்று போனது. விதைக்காயை மட்டும் யாரும் தொடக் கூடாது. பழைய துப்பட்டாவால் மூடி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். பெக்கர் வேலியோரம் வரும் தடவைகள் கூடிக்கொண்டே போயின. துப்பட்டாவுக்குள் என்ன என்று ஒருநாள் இனியாவிடம் கேட்டும் விட்டார். அடுத்த வருஷம் என்று இனியா பதில் சொன்னாளாம். அதை அவள் என்னிடம் சொன்னபோது, இது என் பெண்தானா என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

6

அக்டோபர் பிறந்ததும் குளிர் முந்திக்கொண்டது. காய் நுனியில் மஞ்சள் ஏறியிருந்தது, மேலே இன்னும் பச்சை. ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றுவதற்குள், இன்றைக்கு உறைபனி என்று செல்போனைக் காட்டினாள் இனியா. வசந்தா அதற்கு முன்பே தோட்டத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

நாங்கள் சைக்கிளில் விரட்டிப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பந்தல் மேல் இலைகள் சோர்ந்து தொங்கின. வசந்தா பந்தலுக்குக் கீழே நின்று காயைக் கையில் ஏந்தியிருந்தாள். அறுத்துக்கொண்டு போனால் முற்றாத விதை முளைக்காது. விட்டால் காலையில் அழுகிவிடும். இருபது வருஷத்துக்கும் மேல் இந்த ஊரில் எத்தனையோ பார்த்துவிட்டோம். வேலை போயிருக்கிறது, மகள் கைவிட்டுப் போகிறாளோ என்று பயந்திருக்கிறோம், அப்போதெல்லாம் அழாதவள் ஒரு புடலங்காய்க்குக் கண் கலங்கி நின்றாள்.  என்னிடம் கல்வெட்டுதான் இருந்தது, வேறு யோசனை ஒன்றும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பெக்கர் நின்றிருந்தார். எங்களையும் காயையும் பார்த்தார். கீழே இருந்த நீளப் பள்ளத்தைப் பார்த்தார். கொட்டகைக்குள் போய் ஒரு பழைய ஜன்னலைக் கண்ணாடியோடு தூக்கிக்கொண்டு வந்தார். குளிர்காலத்தில் கீரை நாற்றுக்கு மேல் மூடி வைக்கிற ஜன்னல். கையால் பள்ளத்தைக் காட்டி, படுக்க வை என்று சைகை செய்தார்.

வசந்தாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முக்காலி மேல் ஏறிப் பந்தலிலிருந்து கொடியை முடிச்சு முடிச்சாக விடுவித்தாள். நான் காயைத் தாங்கினேன், இனியா கல்லைப் பிடித்துக்கொண்டாள். கொடி அறாமல், காயைக் குழந்தையைப் போலப் பள்ளத்தில் கிடத்தினோம். மேலே வைக்கோல், அதன் மேல் துப்பட்டா, அதன் மேல் ஜன்னல், ஜன்னல் மேல் பெக்கரின் ரயில்வே கம்பளி.

காலையில் பந்தல் முழுக்கக் கருகிக் கிடந்தது. பள்ளத்துக்குள் காய் கதகதப்பாக இருந்தது. உள்ளே போன அடித்தண்டு மட்டும் பச்சை. பந்தல் இரண்டரை மீட்டரிலேயே நின்றிருந்தால் பள்ளமும் இருந்திருக்காது, காயும் இருந்திருக்காது. இதை வசந்தாவிடம் சொன்னேன். அப்போ புகார் குடுத்தவருக்கு நாமதான் கும்பிடு போடணும் என்றாள்.

பகலில் ஜன்னலைத் திறப்பதும் சாயங்காலம் மூடுவதுமாக மூன்று வாரம் பெக்கர்தான் அதிகம் பார்த்துக்கொண்டார். காய் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் தானாக வெடித்தது. உள்ளே ரத்தச் சிவப்பில் சதை, அதற்குள் விதைகள். வசந்தா செல்போனில் ஏழுமலைக்குக் காட்டினாள். "நல்லா முத்திக் கீது யக்கா," என்றான். "எனக்கே ரெண்டு அனுப்பேன். இங்க எலி எல்லாத்தியும் தின்னுட்ச்சி." சான்றிதழ் வாங்க வசந்தா எந்த ஆபீஸ் படி ஏறுவாள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

7

விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தைக் குளிர்காலத்துக்கு மூடப் போனோம். வசந்தா காலில் பெக்கர் கொடுத்த செருப்பு. ஒரு சின்னப் பொட்டலத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"நைனாவுக்கு இது" என்றாள். நைனா என்றால் அப்பா. இந்த நாட்டில் அவள் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெக்கர் பொட்டலத்தைப் பிரித்து, விதைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எங்கே நடலாம் என்று கேட்டார். வசந்தா அவருடைய தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இனியாவிடம் திரும்பினாள்.

"அந்த ஓரமா பந்தல் போடச் சொல்லு. இந்தப் பக்கம் போட்டா நம்ம கொத்தமல்லி மேல நெழலு வுயும். ரெண்டு மீட்டருக்கு மேல போச்சின்னா, உங்கப்பாகிட்ட நோட்டீஸ் எயுதி வாங்கியாந்து கதவுல மாட்டிடுவேன்னு சொல்லு."

இனியா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பெக்கர் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பிறகு எதையோ யோசித்து, அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"கல்லு எவ்ளோ பெருசு வேணும்னு கேக்கறார்மா."

வசந்தா பள்ளத்துக்குப் போனாள். குனிந்து, விதைக்காயில் கட்டியிருந்த கல்லை வைக்கோலுக்குள்ளிருந்து எடுத்தாள். கயிறு இன்னும் அதில் இருந்தது. மண்ணைப் புடவைத் தலைப்பில் துடைத்து, வேலிக்கு மேலாக அவர் கையில் வைத்தாள்.

அந்தக் கற்கள் எதற்கு என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்ட நோட்டீஸுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.